விருந்துவழங்கி

நரி முகத்தில் விழித்தால் நல்ல நாள் என்பார்கள்.
நான் இன்று விழித்தது
ஜவ்பர் ஓட்டோவில் கொண்டுவந்த
உரப்பையின் வாயில்.
ஒரு கண் திறந்தபடி.
இறக்கக்கண்டிப் பாலத்துக்கு இப்பால்
மணல் லொறி அடித்ததாம், விடியப்புறம்.
இடம் போனதா வலம் போனதா
பார்த்தவர் இல்லை.

பெண். நாலு வயதிருக்கலாம்.
முலைக்காம்புகள் பாலில் ஊறி இருந்தன.
அதை எழுதப் படிவத்தில் கூடு இல்லை.

குடலை நீளவாட்டில் கீறி
உப்புத் தண்ணீரில் அலசி
கறுப்புத் தட்டில் ஊற்றினேன்.
ஒன்றுமில்லை.
கரண்ட் போய் விசிறி நின்றது;
தண்ணீர் அடங்கியதும்
எள்ளில் ஒரு பங்கு பருமனில்
வெள்ளை வெள்ளையாய்
தட்டே நெளிந்தது.
முன்னூற்றுப் பதினொன்றில்
எண்ணுவதை விட்டேன்.

உனக்கு வாய் இல்லை.
இரைப்பை இல்லை. கண்ணும் வேண்டியிருக்கவில்லை.
தலையில் கொக்கிகள் இரண்டு வரிசை,
பின்னால் மூன்று கணு,
கடைசிக் கணு முழுக்க முட்டை.
ஓடுவது நரி, பிடிப்பது நரி,
மெல்லுவதும் நரி.
நீ தோலால் குடிக்கிறாய்.

ஏ.எல். வகுப்பில் உன்னைத் தாங்கும் உயிருக்கு
விருந்துவழங்கி என்று பெயர்.
யார் வெற்றிலை வைத்து அழைத்தார்கள்?
யார் இலை போட்டார்கள்?

இலை போட்டது எனக்குத் தெரியும்.
ஆவணியில், உப்புவெளியில்,
நாலாம் சடங்குக்கு ஏழு கிடாய்.
குச்சவெளிப் பக்கமிருந்து வந்தவை.
பல் பார்த்தேன், குளம்பு பார்த்தேன்,
‘நோயற்றவை’ என்று முத்திரை குத்தினேன்.
ஈரலுக்குள் பார்க்க என்னிடம் என்ன இருக்கிறது?
சமையலுக்கு நின்ற மயில்வாகனம்
ஒரு சுவாசப்பையைத் தூக்கிப் பார்த்து
‘தண்ணிப் பொக்குளம், சரிவராது’ என்று
வேலிக்கு மேலால் எறிந்தார்.
ஒரு நுனியை வீட்டு நாய் இழுத்தது.
மிச்சத்துக்கு இரவில் வேறு விருந்தாளி.
நானும் அங்கே இரண்டு தரம்
குழம்பு வாங்கிச் சாப்பிட்டவள்தான்.

நாற்பது நாளோ ஐம்பது நாளோ.
பிறகு புல், கிணற்றடி, கீரைப்பாத்தி,
நாயின் முதுகு மயிர்,
அதைத் தடவிய கை.
பிறகு இன்னொரு ஆடு குனியும்.

பெரியாஸ்பத்திரி ஏழாம் வார்ட்டில்
யோகமலரின் ஈரலிலிருந்து எடுத்தது
விளாம்பழம் அளவு.
உள்ளே தெளிந்த தண்ணீர்,
அடியில் மணல் போல ஆயிரம் தலைகள்.
‘மிஸ், நான் நரியைக் கண்ணால் கண்டதில்லையே’ என்றாள்.
கட்டிலின் கீழே செருப்பு, பிளாஸ்க்.
வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டேன்.
முகம் மலர்ந்தது. ‘ஓம், சூட்டி.’

மனிதரில் அதற்கு வழி முடிந்துவிடும்,
எங்களைத் தின்பவர் இல்லை என்பதால்
இது முட்டுச்சந்து
என்று அறிக்கையில் எழுதினேன்.
எழுதிய கை நின்றது.
ஒரு காலம் இருந்தது.
எடுக்க ஆளில்லாமல் காட்டோரம் கிடந்தவர்களிடம்
நரிகள் போயின.
மதவாச்சிப் பக்கமல்ல, இங்கேதான்,
ஆறு மைலுக்குள்.
கதவுக்குத் தடி போட்டுவிட்டு
அந்த ஊளையை நாங்கள் கேட்டுக்கொண்டு படுத்தோம்.
அப்போது வழி திறந்திருந்தது.
கடைசி வரியை வெட்டினேன்.
வெட்டியதற்குக் காரணம் எழுதவில்லை.

‘மிஸ், எரிக்கிறதா தாக்கிறதா?’
ஜவ்பர் மண்ணெண்ணெயோடு நிற்கிறான்.
எரி. முழுக்க எரி.
கேற்றடியில் ஒரு நாய்
முன்கால் நீட்டிப் படுத்து
காற்றை மோந்துகொண்டிருக்கிறது.

மூன்று தரம் கை கழுவினேன்.
படிவத்தில்
ஈற்று விருந்துவழங்கி: நரி.
இடை விருந்துவழங்கி: ஆடு, என்று எழுதி
காற்புள்ளி போட்டு
அப்படியே விட்டேன்.

வெளியே லொறி ஹோன் அடிக்கிறது.
பதினொரு ஆடு, தம்பலகாமத்துக்கு,
அனுமதிப் பத்திரம் வேண்டுமாம்.
பல் பார்த்தேன். குளம்பு பார்த்தேன்.
ஒன்று என் புடவை நுனியைச் சப்பியது.
முத்திரையை எடுத்தேன்,
மை காய்ந்திருந்தது.
வாயருகே வைத்து
ஊதினேன்.